வெள்ளி ரூபாயும் தோட்டக் கூலியும்: மாத்தளை வரலாற்றில் நாணயமும் செல்வப் பங்கீடும்

நாணயம் பண்டமாற்றை எளிதாக்கும் ஒரு கருவி மட்டுமே என்பது பொதுவழக்கிலுள்ள கருத்தாகும். முழக்கோல் துணியின் நீளத்தை மாற்றுவதில்லை. அதுபோலவே நாணயமும் செல்வத்தை அளக்கிறதேயன்றி, அதனை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றுவதில்லை எனப் பலர் கருதுவர். பொருளியற் பாடநூல்கள் சிலவும் இக்கருத்தையே வேறு சொற்களிற் கூறியுள்ளன. ஆயின், மாத்தளை மாவட்டத்தின் கடந்த ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறாது என்பது புலனாகும். எவர் எந்த நாணயத்திற் பெறுகிறார், எந்த நாணயத்திற் கொடுக்கிறார், அவ்விரு நாணயங்களுக்குமிடையிலான விகிதத்தை எவர் தீர்மானிக்கிறார் என்னும் மூன்று வினாக்களே இப்பிரதேசத்திற் செல்வம் எவரிடம் சேர்ந்தது என்பதைப் பெரிதும் நிர்ணயித்துள்ளன. இதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையை நாம் தெரிவுசெய்தமைக்குக் காரணமுண்டு. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகவும் தம்புள்ளை வழியாகவும் நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோர் மலைநாட்டில் முதலிற் கண்ட பெரிய ஊர் மாத்தளையே. மறுபுறத்தில், 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாற் பெயர்பெற்ற சிங்கள விவசாயிகளின் மண்ணும் இதுவே. ஒரே நாணய முறை இவ்விரு மக்கட் பிரிவினரையும் எவ்வாறு தாக்கிற்று என்பதை ஒருசேரக் காண்பதற்கு இதனிலும் பொருத்தமான இடம் இல்லை எனலாம்.

1. மூன்று சிலிங் அல்லது ஆறு நாள்

கண்டி இராச்சியத்தில் நிலத்துக்குக் கைம்மாறாகச் செலுத்தப்பட்டது பெரும்பாலும் சேவையும் தானியமுமேயன்றிக் காசன்று. பிரித்தானியர் 1825இல் ஸ்டேர்லிங்கை இலங்கையின் சட்டபூர்வ நாணயமாக்கினர். 1832இல் இராசகாரியத்தை ஒழித்தனர். சேவைக் கடப்பாடு நீங்கியது முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. எனினும், அரசின் வருவாய் இனிக் காசாகவே வரவேண்டும் என்னும் நிலையும் இதனாலேயே தோன்றிற்று. காசு புழங்காத ஊரிற் காசாக வரி கேட்பதன் விளைவு என்ன என்பதை 1848ஆம் ஆண்டு காட்டிற்று.

தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் துப்பாக்கிக்கு ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ், நாய்க்கு ஒரு சிலிங் என வரிகள் விதிக்கப்பட்டன. இவற்றினும் முக்கியமானது வீதிக் கட்டளைச் சட்டமாகும். வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். அன்றேல் 3 சிலிங் செலுத்தலாம். பார்வைக்கு இது எல்லாருக்கும் சமமான சட்டமே. ஆனால், இதனுள் ஒரு விலை மறைந்திருக்கிறது: ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்புக்கு ஆறு பென்ஸ். காசுள்ளவனுக்கு அது ஒரு சிறு செலவு. காசில்லாதவனுக்கோ ஒழிந்ததாகக் கூறப்பட்ட இராசகாரியம் வேறு வடிவில் மீண்டும் வந்ததற்கு ஒப்பாகும்.

இவ்விலையை நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் உண்மை மேலும் தெளிவாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அந்நிலங்கள் முதலில் ஏக்கர் 5 சிலிங் வீதம் விற்கப்பட்டன. 1844இலேயே அடிப்படை விலை 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் எனில், 5 சிலிங் என்பது பத்து நாள் உழைப்பாகும். அஃதாவது, பத்து நாள் உழைப்பின் பெறுமதிக்கு ஓர் ஏக்கர் மலைக்காடு கைமாறியது. ஆனால், உழைப்பை மட்டும் உடையவன் அதனைக் கொண்டு நிலம் வாங்க முடியவில்லை. ஸ்டேர்லிங் கையிருந்த துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தருமே வாங்கினர்.

1848 யூலை 26ஆந் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். இரு நாட்களின் பின் மாத்தளை தாக்கப்பட்டது. கச்சேரியிலிருந்த வரிப் பதிவேடுகளுள் ஒரு பகுதி அழிக்கப்பட்டது. புரான் அப்பு ஆகத்து 8இற் சுட்டுக்கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டா செத்தெம்பரில் எல்கடுவையிற் பிடிபட்டு, பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். வரலாற்றாசிரியர் சிலர் இதனைப் பழைய முடியாட்சிக்கான ஏக்கமாக மட்டும் கண்டனர். பதிவேட்டை அழித்தவர்கள், தமக்கு எட்டாத நாணயத்தில் தம்மீது எழுதப்பட்ட கடனையே அழிக்க முற்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. காணிவரி காசாக மாற்றப்பட்டதன் கொடுமை இத்துடன் முடியவுமில்லை. நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் 1880களில் நெல்வரி நிலுவைக்காக விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டன. அவ்வரி 1892ஆம் ஆண்டின் முடிவிலேயே நீங்கிற்று.

2. பவுணிற் பெற்று ரூபாயிற் கொடுத்தல்

இனித் தோட்டங்களுக்கு வருவோம். சட்டப்படி ஸ்டேர்லிங் நாணயமாக இருந்தபோதிலும், தோட்டங்களிற் கூலியாக வழங்கப்பட்டது இந்திய வெள்ளி ரூபாயே. இந்நிலையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 1872 சனவரி முதல் ரூபாயும் சதமும் இலங்கையின் கணக்கு நாணயமாயின. அப்பொழுது ஒரு ரூபாய் ஏறத்தாழ இரண்டு சிலிங்குக்குச் சமமாகக் கருதப்பட்டது. இம்மாற்றம் நிகழ்ந்த சிறிது காலத்திலேயே உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழத் தொடங்கிற்று. ஜேர்மனி தங்க நாணயத்துக்கு மாறியமையும் அமெரிக்காவிற் புதிய வெள்ளிச் சுரங்கங்கள் பெருகியமையும் இதற்கான காரணங்களுட் சில. 1872-73இல் ஏறத்தாழ 22¾ பென்சாக இருந்த ரூபாயின் சராசரிப் பெறுமதி, 1892-93இல் 15 பென்சாகவும் 1894-95இல் ஏறத்தாழ 13 பென்சாகவும் இறங்கியது.

இவ்வெண்களின் பொருளை விளக்க ஒரு சிறு கணக்கைக் காண்போம். இக்காலப்பகுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலி பொதுவாக 33 சதமளவில் நின்றது. ரூபாய் இரண்டு சிலிங் என்னும் பழைய கணக்கில் அது 8 பென்ஸ். 1892-93ஆம் ஆண்டுக் கணக்கிலோ 5 பென்ஸ். இலண்டனிற் சரக்கை விற்றுப் பெற்ற ஒரு பவுணைத் தோட்டத்துரை 1872-73இல் மாற்றியிருந்தால் ஏறத்தாழ 10½ ரூபாய் கிடைத்திருக்கும். அது 32 ஆட்களின் நாட்கூலி. இருபது ஆண்டின் பின் அதே பவுணுக்கு 16 ரூபாய். அது 48 ஆட்களின் நாட்கூலி. எவரும் கூலியைக் குறைக்கவில்லை. கங்காணி அதட்டவில்லை, துரை அறிவித்தல் ஒட்டவில்லை. ஆயினும், ஒரு பவுண் வாங்கக்கூடிய மனித உழைப்பு ஒன்றரை மடங்காகியது. கூலிக் குறைப்புகளுள் இதனினும் ஓசையற்றது பிறிதொன்றில்லை.

இங்கே இரு தடைகள் எழக்கூடும். முதலாவது: தொழிலாளி உண்ட அரிசி இந்தியாவிலிருந்து வந்தது, அதுவும் வெள்ளி நாணய நாடு, ஆகவே ரூபாயின் வீழ்ச்சி அவனது சோற்றைப் பாதிக்கவில்லை என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. வீழ்ச்சி அவனைத் திடீரெனப் பட்டினியில் ஆழ்த்திற்று என்று கூறுதல் மிகையாகும். ஆனால், நமது வினா வறுமை பற்றியதன்று, பங்கீடு பற்றியது. உற்பத்தியின் பெறுமதி தங்கத்திற் கணிக்கப்பட்டது. உழைப்பின் பெறுமதி தேய்ந்துவரும் வெள்ளியிற் கணிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே விரிந்த இடைவெளியில் அவனுக்குப் பங்கில்லை. மேலும், இந்தியாவிலும் தானிய விலைகள் காலப்போக்கில் உயர்ந்தே வந்தன; நாட்கூலி நின்ற இடத்திலேயே நின்றது.

இரண்டாவது தடை: துரைமார் யந்திரங்களையும் இலண்டன் கடன் வட்டியையும் பவுணிலேயே செலுத்தினர், தேயிலையின் இலண்டன் விலையும் 1880களிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது, ஆகவே அவர்களும் பெருலாபம் பெறவில்லை என்பர். இதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால், விலை இறங்கிய போதும் தேயிலைத் தோட்டங்கள் பெருகியது எவ்வாறு? செலவினத்தின் மிகப் பெரிய பகுதியான கூலி, பவுணில் தானாகவே மலிந்துகொண்டு போயிற்று என்பதே விடையின் ஒரு பகுதியாகும். ஆதாயத்தில் ஒரு பங்கு துரைக்கும், மற்றொரு பங்கு மலிவான தேநீரருந்திய பிரித்தானிய நுகர்வோருக்கும் சென்றது. மலையிற் கொழுந்து பறித்தவளின் இழப்பு, மான்செஸ்ரர்த் தொழிலாளியின் வீட்டுச் செலவைக் குறைத்தது என்பது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று.

நாணயம் தேய்வதால் வரும் இழப்பிலிருந்து தப்பும் வழி அக்காலத்தில் அறியப்படாததன்று. இந்தியாவிற் பணிபுரிந்த ஐரோப்பிய அதிகாரிகள் தம் சம்பளம் பவுணிற் குறைவதாக முறையிட்டனர். 1893இல் அவர்களுக்கு நாணயமாற்று ஈட்டுப்படி வழங்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய நாணயசாலைகள் தனியாரின் வெள்ளிக்கு மூடப்பட்டன. பின்னர் ரூபாய் 16 பென்ஸ் என்னும் விகிதத்தில் நிலைநிறுத்தப்பட்டது. இவ்விகிதத்தைப் பேணும் முறையைக் கெய்ன்ஸ் 1913இல் வெளியான தமது முதல் நூலில் விரித்துரைத்தார். முறையிட வலிமை பெற்றிருந்தோர் ஈடு பெற்றனர். செக்றோலிற் பெயர் மட்டும் உடையோர் அவ்வாறு பெறவில்லை.

3. துண்டு: மனிதரைப் பிணையாகக் கொண்ட தாள்

தேயும் நாணயம் கடனாளிக்கு நன்மை தரும் என்பது பொதுவிதி. அதே காலத்தில் அமெரிக்க விவசாயிகள் வெள்ளி நாணயத்துக்காகப் போராடியதும், 1896ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் பிரயன் அக்கோரிக்கையை முன்வைத்ததும் இதனாலேயே. தோட்டத் தொழிலாளியும் ரூபாயிலேயே கடன்பட்டிருந்தான். அங்ஙனமாயின் அவனது கடன் ஏன் இலேசாகவில்லை? அவன் விளைபொருளை விற்பவனல்லன், கூலி பெறுபவன். கடனை அடைக்கும் கூலி உயராதவரை, நாணயம் தேய்வதால் அவனுக்குப் பயனில்லை. அத்துடன், அவனது கடனை எழுதியவர் வேறொருவர். அக்கடனுக்கென்றே தனியான ஒரு தாளும் இருந்தது. அதுவே துண்டு.

துண்டு முறை இயங்கிய விதம் பின்வருமாறு. ஆட்களைத் திரட்டுவதற்குப் பெரிய கங்காணிக்குத் தோட்டம் முற்பணம் கொடுக்கும். கப்பல், வழிச்செலவு, ஊர்க்கடன், உடுபுடைவை ஆகியன தொழிலாளியின் பெயரிற் பற்றெழுதப்படும். கங்காணி வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இன்ன தொகை செலுத்தப்பட்டால் இக்கங்காணியும் இத்தனை ஆட்களும் விடுவிக்கப்படுவர். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவார்; தொகை அவர்களின் கணக்கில் ஏறும். ஆட்பற்றாக்குறைக் காலங்களில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டமையால் துண்டின் தொகை தோட்டந்தோறும் வளர்ந்தது. உயர்ந்த தொகையின் பயன் கங்காணிக்கு. திருப்பிச் செலுத்தும் சுமை தொழிலாளிக்கு. கணக்கைக் கண்ணாற் கண்ட தொழிலாளர் மிகச் சிலரே.

பொருளியல் நோக்கில் துண்டு ஒரு நாணயத்தாளாகவே தொழிற்பட்டது எனலாம். வங்கித்தாளுக்குப் பின்னால் வெள்ளி இருந்தது. துண்டுக்குப் பின்னால் மனிதர் இருந்தனர். வேலையை விட்டோடுதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அத்தாளின் செலாவணிக்கு உறுதியளித்தது.

கூலியும் முழுமையாகக் காசாகக் கைக்கு வந்ததில்லை. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை முதலிற் கழிக்கப்படும். பின்னர் முற்பணம் கழியும். வேலைக்கு வந்தவரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி பெற்ற தலைக்காசும் தொழிலாளரின் உழைப்பிலிருந்தே வந்தது. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பெயர், அரைப்பெயருக்கு அரைக்கூலி. ஆண்டு முழுதும் உழைத்தும் காசையே அரிதாகக் கண்ட ஒரு மக்கட் கூட்டம், உலகின் மிக விரிந்த பணச் சந்தைகளுள் ஒன்றுடன் இவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தது.

4. கடன் இறங்கிவந்த படிகள்

இம்முற்பணங்கள் எங்கிருந்து வந்தன? மேற்படியில் இருந்தவை கொழும்பிலிருந்த பிரித்தானிய மாற்று வங்கிகள். அவை கோப்பித் தோட்டங்களுக்கு ஈட்டின்மேற் பெருந்தொகை கொடுத்தன. உள்ளூர் வணிகருக்கும் சிறு உடைமையாளருக்கும் அவை நேராகக் கடன் கொடுத்தமை அரிது. அவ்விடைவெளியை நிரப்பியோர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். அவர்கள் தம் சொந்த முதலையும் வங்கிகளிற் பெற்ற கடனையும் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். கொழும்புச் செட்டித் தெருவிலிருந்து மலைநாட்டு நகரங்கள்வரை அவர்களின் பற்றுவரவு பரந்திருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1874இல் அவர்களின் ஆதரவுடன் எழுப்பப்பட்டது என்பது, இந்நகரில் வணிகப் பணம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும். பெரிய கங்காணியே கீழ்ப்படியில் நின்று தன் ஆட்களுக்குக் கடன் கொடுத்தான். படி இறங்க இறங்க வட்டி ஏறிற்று. அடிப்படியில் நின்றவரே மிகக் கூடிய விலை கொடுத்துப் பணத்தை வாங்கினர்.

இப்படிகள் எவ்வளவு பலவீனமானவை என்பது கோப்பிக்கு இலைநோய் வந்தபோது தெரிந்தது. 1869இற் கண்டறியப்பட்ட அந்நோய் பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தொழிலை அழித்தது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தபோது, அது ஏற்றிச் செல்லவேண்டிய கோப்பி குறையத் தொடங்கியிருந்தது. நாட்டின் தாள்நாணயத்தின் பெரும்பகுதியை வெளியிட்டு வந்த ஓறியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அதன் தாள்களுக்குத் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் அளித்தார். அதே ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி அரசே தாள்நாணயம் வெளியிடலாயிற்று.

இச்செயல் பொதுமக்களைக் காத்தது உண்மையே. எனினும், அதனால் உருவான நாணயச் சபை முறை வேறொரு விளைவையும் கொண்டிருந்தது. நாட்டில் எவ்வளவு பணம் புழங்கும் என்பதை ஏற்றுமதியும் வெளிநாட்டு இருப்புமே தீர்மானித்தன. ஊரின் தேவை அன்று. பேராதனையிற் பொருளியற் பேராசிரியராக இருந்த எச். ஏ. டி எஸ். குணசேகர 1962இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறையைச் சார்பு நாணயம் என வகைப்படுத்தியமை பொருத்தமே. தேயிலை விற்றாற் பணம் பெருகும், விற்காவிடிற் சுருங்கும், வயலுக்கு ஏர் வாங்க விரும்பிய மாத்தளை விவசாயிக்கு இவ்வமைப்பில் இடமே இல்லை. 1925இல் வங்கிகள் செட்டிமாருக்கான கடனை இறுக்கிய பின் உள்ளூர்க் கடன் மேலும் அருகிற்று. 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழுவும், அதன் வழியாக 1939இல் இலங்கை வங்கியும், 1950இல் மத்திய வங்கியும் தோன்றுவதற்கு இக்குறையே பின்னணியாயிற்று.

5. சட்டங்களும் அவற்றின் எல்லையும்

துண்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆட்திரட்டும் செலவைத் தொழிலாளியிடமிருந்து அறவிடுதலை 1923ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என நிர்ணயிக்கப்பட்டது. அதனுடன் அரிசியின் விலை புசலுக்கு 4 ரூபாய் 80 சதம் எனவும் கட்டப்பட்டது. கூலியைப் பண்டத்துடன் இணைத்த இவ்வேற்பாடு, நாணயத்தின் பெறுமதியே முக்கியம் என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். ஆனால், உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதே இணைப்பு மறுபுறம் திரும்பியது: அரிசி மலிந்தது எனக் காட்டிக் கூலியும் குறைக்கப்பட்டது. விலை ஏறும்போது பின்தங்குவதும் இறங்கும்போது முந்துவதும் கூலியின் இயல்பன்று; கூலியைத் தீர்மானிக்கும் அதிகாரத்தின் இயல்பு.

தோட்டங்கள் 1970களில் தேசியமயமாகி, 1992இற் பல கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. உடைமை மாறியபோதும் பழைய வினாக்கள் மாறவில்லை. 1977 நவம்பரில் மாற்றுவிகிதங்கள் ஒன்றாக்கப்பட்டபோது ரூபாய் ஏறத்தாழ அரைப்பங்கு பெறுமதியை இழந்தது. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாயாக்கப்பட்டது. அன்றைய விகிதத்தில் அது ஏறத்தாழ ஐந்து டொலர். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு மே மாதமளவில் டொலருக்கு 360 வரை வீழ்ந்தபோது, அதே கூலி மூன்று டொலருக்கும் குறைந்தது. அவ்வாண்டிற் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாயில் ஏறத்தாழ இருமடங்காகியது. 2024 செத்தெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயானது. டொலர் ஏறத்தாழ 300 ரூபாயாக இருந்த அந்நேரத்தில் அது நான்கரை டொலர். பெருவெற்றியாகப் பேசப்பட்ட உயர்வு, மூன்றாண்டு முந்திய நிலையைக்கூட எட்டவில்லை. பின்வந்த வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட உயர்வையும் இவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும்.

கம்பனிகள் உரமும் எரிபொருளும் டொலர் விலையில் வாங்கியதும், 2021ஆம் ஆண்டின் உரத்தடையால் விளைச்சல் குன்றியதும் மெய்யே. ஆனால், 1890களிலும் இத்தகைய நியாயங்கள் இருந்தன. தொழில் நலிவுறும்போது அதன் சுமையைத் தேயும் நாணயத்தின் வழியாக உழைப்போர்மேல் இறக்கிவைக்கலாம் என்பதே அன்றும் இன்றும் பொதுவான வசதி. இதற்கு எந்த ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டியதில்லை.

முடிவாக நாம் கூற விரும்புவது இதுவே. மாத்தளை விவசாயி தன்னிடம் இல்லாத நாணயத்தில் வரி செலுத்துமாறு பணிக்கப்பட்டான். தோட்டத் தொழிலாளி தேயும் நாணயத்திற் கூலி பெற்று, தான் எழுதாத கணக்கிற் கடன் அடைத்தான். மொழியாலும் ஊராலும் வேறுபட்ட இவ்விருவரும் ஒருவரையொருவர் போட்டியாளராகக் கருதுமாறு பழக்கப்பட்டனர். இருவரையும் வறியராக்கிய அளவுகோல் ஒன்றே என்பதை எடுத்துரைத்தோர் மிகச் சிலர். கூலிப் பேச்சுவார்த்தை இன்றும் ரூபாய் எண்ணிக்கையைச் சுற்றியே நடைபெறுகிறது. அவ்வெண்ணிக்கை எத்தனை கொத்து அரிசி, எத்தனை இறாத்தல் மா, ஏற்றுமதி விலையில் எத்தனை பங்கு என்று கேட்கும் பழக்கம் தொழிற்சங்கங்களிலும் ஆய்வாளரிடத்தும் வளரவேண்டும். முழக்கோலைப் பிடித்திருப்பவர் துணியின் நீளத்தையும் மாற்றிவிட முடியும் என்பதே மாத்தளை வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.